தாழைமுனைப் பதினொரு பேர்

வெள்ளவத்தை,
06.05.2024

அன்புள்ள மச்சாள் தர்சிகாவுக்கு,

நான் சுகம். கொழும்பு வெக்கைதான் ஆளை அவித்து எடுக்கிறது. உம்முடைய முழங்கால் எப்படி? தம்பலகாமத்துக்குப் போய் அம்மாவைப் பார்த்தீராம். "மருமகள் வந்து பிரஷர் பார்த்திட்டுப் போறாள், பெத்த மகள் போனிலதான் முகம் காட்டுறாள்" என்று எனக்கு நல்ல பேச்சு விழுந்தது.

உம்மோடு போனில் கதைக்க ஏலாது. எடுத்தால் பின்னால் ஒரு பிள்ளை வீரிட்டு அழும், "பிறகு எடுக்கிறன் மச்சாள்" என்று வைத்துவிடுவீர். அதனால்தான் முத்திரை ஒட்டுகிறேன்.

எங்கள் பிரிவுக்குப் புது வேலை வந்திருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் சுகாதார சேவை எப்படி நடக்கிறது என்று வருடா வருடம் மதிப்பெண் போடுவோம் அல்லவா? இதுவரை சராசரியை மட்டும்தான் பார்த்தோம். இனி அந்தச் சேவை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்றும் பார்க்க வேண்டுமாம். பணிப்பாளர் இதை ஏதோ ராக்கெட் விஞ்ஞானம் மாதிரி இரண்டு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். எனக்கு உங்கள் வீட்டுக் குசினிதான் ஞாபகம் வந்தது. ஐந்து பேருக்கு ஐந்து மீன் பொரிப்பார்கள். சராசரி ஆளுக்கு ஒன்று. உம்முடைய அப்பா, என் இராசையா மாமா, இரண்டை எடுப்பார். கடைசியில் சாப்பிட உட்காரும் உம்முடைய அம்மாவுக்குக் குழம்புதான். சராசரி அப்போதும் ஆளுக்கு ஒன்றுதான்.

படிவம் ஒன்று இத்துடன் வருகிறது. சென்ற வருடத் தாய்மாரை வீட்டு வசதிப்படி ஐந்து பங்காகப் பிரித்து, பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் உம்மைப் போன்ற மருத்துவமாது வீட்டுக்குப் போய்ப் பார்த்தாரா என்று எழுத வேண்டும். முதலில் உம்முடைய பிரிவில் சோதித்துப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். பத்தொன்பது வருடமாக நூறு வீதம் காட்டும் ஆளை விட்டு வேறு யாரைப் பிடிப்பது?

முழங்காலுக்கு எண்ணெய் போடும்.

அன்புடன்,
பூரணி


பாலையூற்று,
17.05.2024

அன்புள்ள பூரணி மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது, ஸ்கூட்டர் ஓடுகிறது. மாமிக்குச் சீனி கொஞ்சம் கூட. இரகசியமாகப் பனங்கட்டி சாப்பிடுகிறா. தலையணைக்குக் கீழே கண்டுபிடித்தேன்.

உம்முடைய படிவத்தை நிரப்ப மூன்று கிழமை எடுக்கும் என்று நினைத்தேன், ஒரு கிழமையில் முடிந்தது. ஆனால் இதை எழுதினவர்கள் ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை என்று தெரிகிறது. குளிர்சாதனப் பெட்டி உண்டா என்று ஒரு கேள்வி. ஓம் என்று ஒரு பெண் சொன்னாள். திறந்து பார்த்தேன், உள்ளே பிள்ளைகளின் கொப்பிகள். கரண்ட் பில் கட்ட ஏலாமல் பிளக்கை இழுத்து விட்டிருக்கிறார்கள். எலி கடிக்காமல் இருக்கக் கொப்பியை வைத்திருக்கிறார்கள். உம்முடைய கணக்குப்படி அவள் பணக்காரி.

அறுபத்திரண்டு தாய்மார், அறுபத்திரண்டு பேரையும் பத்து நாளுக்குள் பார்த்திருக்கிறேன். மண் குடிசையென்றும் மாடி வீடென்றும் நான் பார்ப்பதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

கடல் அடங்கிவிட்டது. இறக்கக்கண்டிக்கு அப்பால் தாழைமுனையில் கற்பிட்டிச் சனம் வாடி போட்டுவிட்டார்கள். உமக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன்: அந்தப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மீன்பிடிக்க இங்கே வந்து, கரையில் கிடுகுக் குடில் போட்டுத் தங்கிவிட்டு, செப்டெம்பரில் திரும்பிப் போகிறவர்கள். பெண்சாதி பிள்ளைகளோடுதான் வருவார்கள். அவர்களுக்குப் படிவத்தில் இடமில்லை. நானும் சேர்க்கவில்லை.

சாப்பாட்டைக் கடையில் வாங்காமல் சமைத்துச் சாப்பிடும்.

உம்முடைய
தர்சிகா


வெள்ளவத்தை,
02.06.2024

அன்புள்ள தர்சிகாவுக்கு,

இங்கே மழை பிடித்துவிட்டது. எனக்குத் தடிமன், வேறு குறையில்லை. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுதும்.

படிவத்தைப் பணிப்பாளரிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். மிக வசதியான வீட்டுக்கும் மிக ஏழை வீட்டுக்கும் இடைவெளி பூச்சியம். இப்படி ஒரு பிரிவு நாட்டிலேயே இருக்காது என்றார். மற்றவர்களுக்கு முன்மாதிரியாக அறிக்கையில் போடப் போகிறாராம். எனக்கும் பதவி உயர்வுக்கு நல்ல சகுனம்.

ஒரு சின்ன விசயம். ஆஸ்பத்திரிப் பிரசவப் பட்டியலில் சென்ற வருடம் உம்முடைய பகுதியிலிருந்து எழுபத்து மூன்று பேர் இருக்கிறார்கள். உம்முடைய பதிவேட்டில் அறுபத்திரண்டு. மிச்சப் பதினொரு பேருக்கும் விலாசம் "தாழைமுனை" என்றுதான் இருக்கிறது. வாடிச் சனம்தானா? அவர்களை யார் போய்ப் பார்க்கிறார்கள்? அவசரமில்லை, ஆனால் எழுதும்.

அன்புடன்,
பூரணி


பாலையூற்று,
29.07.2024

அன்புள்ள பூரணிக்கு,

பதில் பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம். எல்லோரும் சுகம் என்றுதான் சொல்ல வேண்டும். மாமியின் சீனி இறங்கியிருக்கிறது. யானை வந்து வேலியைப் பிரித்துப் போட்டதாம், அதை விரட்ட மாமியும் தகரம் தட்டினாவாம். அந்தக் கதையை ஒரு மணித்தியாலம் சொன்னா.

மாங்காய் இந்த முறை குறைவு. நிலாவெளி றோட்டில் வெள்ளைக்காரச் சனம் நிறைய. நான் ஒரு கிழமை லீவில் நின்றேன். பெரிதாக ஒன்றுமில்லை, களைப்பு.

உமக்குத் தடிமன் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

தர்சிகா


வெள்ளவத்தை,
08.08.2024

அன்புள்ள தர்சிகாவுக்கு,

தடிமன் வந்து, மாறி, திரும்பவும் வந்துவிட்டது. உம்முடைய கடிதம் வர அவ்வளவு காலம். யானை, மாங்காய், வெள்ளைக்காரர் எல்லாம் எழுதினீர், நான் கேட்டதை மட்டும் காணோம். நீர் லீவு எடுத்து நான் கேள்விப்பட்டதேயில்லை. கலியாணத்துக்கே மூன்று நாள்தானே எடுத்தீர்.

இரண்டு செய்தி. முதலாவது, ஒக்டோபரில் உமக்கு விருது. கொழும்புக்கு வர வேண்டும், என் வீட்டில்தான் தங்க வேண்டும், சீலை நான் எடுத்துத் தருவேன். இரண்டாவது, உமக்குப் பிடிக்காது. உம்முடைய பிரிவில் இடைவெளியே இல்லாதபடியால் செவ்வாய்க்கிழமைக் கடற்கரைக் கிளினிக்கை நிறுத்தி, நிலாவெளிக் கிளினிக்கோடு சேர்க்கப் போகிறார்களாம். அங்கே போகும் தாதியைத் தேவையான வேறிடத்துக்கு அனுப்பலாம் என்பது அவர்கள் கணக்கு.

அந்தப் பதினொரு பேரையும் "வெளியூர்" என்று எழுதிக் கழித்துவிடட்டுமா? மூடிவிட வேண்டிய கோப்பு அது.

பூரணி


பாலையூற்று,
14.08.2024

அன்புள்ள பூரணிக்கு,

சுகம். கழித்துவிடும்.

தர்சிகா


பாலையூற்று,
01.09.2024

அன்புள்ள பூரணிக்கு,

நீர் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை. உம்முடைய பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

பதினொரு பேரும் வாடிப் பெண்கள்தான். அவர்களை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. எங்கள் வேலை எப்படி என்று உமக்குத் தெரியாது, சொல்கிறேன். கற்பிட்டியில் அவர்களுடைய மருத்துவமாது, "இடம் மாறிப் போய்விட்டார்" என்று எழுதித் தன்னுடைய பதிவேட்டிலிருந்து வெட்டிவிடுவா. அதில் பிழையில்லை, போய்விட்டார்கள்தானே. இங்கே நான் ஏற்றினால், செப்டெம்பரில் அவர்கள் திரும்பிப் போகும்போது பார்வையிடல்கள் அரைகுறையாக நிற்கும், என் நூறு வீதம் உடையும். நான் வேலைக்கு வந்த முதல் வருடமே என் மேற்பார்வையாளர் சொல்லித் தந்தா: "பருவத்துக்கு வாறவையளப் புத்தகத்தில ஏத்தாதையும். கண்ணால பாரும், அது காணும்." பத்தொன்பது வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு தனிக் கொப்பி வைத்திருக்கிறேன். நேரம் கிடைத்தால் பார்ப்பேன். சென்ற வருடம் பதினொரு பேரில் இரண்டு பேருக்குத்தான் நேரம் கிடைத்தது.

ஜூன் ஆறாம் திகதி அந்தப் பக்கம் போனேன். சுஹைரா என்று ஒரு பெண், இருபத்து மூன்று வயது, ஏழு மாதம், தலைப்பிள்ளை. கால் இரண்டும் வீங்கியிருந்தது. தலையிடிக்கிறது என்றாள். பிரஷர் கூட. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்று துண்டு எழுதிக் கொடுத்தேன். கணவன் முனாஸ் கடலால் வரட்டும், நாளைக்குப் போகிறேன் என்றாள். அவர்களைப் பற்றி நீர் கேட்ட கடிதம் அன்று காலைதான் வந்தது, என் கைப்பையில் இருந்தது.

நான் திரும்பிப் போகவில்லை. மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். பதிவேட்டில் இருக்கும் ஒருத்தி இப்படி இருந்தால் அடுத்த நாள் விடியவே அவள் வாசலில் நிற்பேன். எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்று பதிவேட்டைப் பார்த்துத்தான் நாளைத் திட்டமிடுவேன். அவள் பெயர் அதில் இல்லை, ஆகவே என் நாளிலும் அவள் இல்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவும் இல்லை. எட்டாம் நாள் வலிப்பு வந்து, மீன் ஏற்றுகிற லொறியில் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை, இறந்து பிறந்தது. சுஹைரா நாலு நாள் கண் திறக்கவில்லை. பிறகு தப்பிவிட்டாள்.

வார்டுக்குப் போனேன். உங்களுடைய மருத்துவமாது யார் என்று சுஹைராவிடம் தாதி கேட்டாவாம். "நான் உங்கட பேரத்தான் சொன்ன மிஸ்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் அவளைப் பார்ப்பேன் என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் வெளியே வந்து ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதை ஓட்ட ஏலவில்லை. அதுதான் நான் எடுத்த லீவு.

விருதுக்கு வரமாட்டேன். மேற்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது, பூரணி.

தர்சிகா


வெள்ளவத்தை,
09.09.2024

அன்புள்ள தர்சிகாவுக்கு,

சாப்பிடுகிறீரா, நித்திரை கொள்கிறீரா? முதலில் அதை எழுதும்.

உம்முடைய கடிதத்தைப் படித்துவிட்டுக் கந்தோருக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. ஜூலையில் ஆஸ்பத்திரிப் பட்டியலில் "தாழைமுனை, இறந்து பிறந்தது" என்று ஒரு வரி கண்டேன். உம்முடைய லீவையும் அதையும் சேர்த்து யோசிக்க எனக்கு அறிவில்லாமல் இல்லை. கேட்டால் பூச்சியம் கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்தேன். கழித்துவிடட்டுமா என்று கேட்டது, நீர் ஓம் என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே வெட்கத்தை நீர் தனியாக வைத்திருக்க வேண்டாம்.

இப்போது கணக்கு. இரண்டு வழி இருக்கிறது. பதினொரு பேரையும் மற்றவர்களோடு கலந்துவிட்டால் எழுபத்து மூன்றில் அறுபத்து நாலு, எண்பத்தெட்டு வீதம். மாவட்டத்தில் அது நல்ல இலக்கம்தான். விருது போகும், ஆனால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், உம்முடைய பெயருக்கு ஒரு கீறலும் விழாது. அவர்களைப் பிரித்துத் தனி வரியில் எழுதினால், ஊர்ச் சனத்துக்கு நூறு, வாடிச் சனத்துக்குப் பதினெட்டு. அவ்வளவு பெரிய இடைவெளி மாவட்டத்தில் வேறெங்கும் இல்லை. முதலாம் இடத்திலிருந்து கடைசிக்குப் போவீர். விசாரணை நிச்சயம் வரும்.

இரண்டும் பொய்யில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முப்பதாம் திகதி அறிக்கை போக வேண்டும். நீர் சொல்கிறபடி எழுதுவேன்.

உம்முடைய மச்சாள்,
பூரணி


பாலையூற்று,
20.09.2024

அன்புள்ள பூரணிக்கு,

சாப்பிடுகிறேன். நித்திரை பரவாயில்லை. மாமி வந்து நிற்கிறா, எனக்கு என்ன என்று கேளாமலே முருங்கையிலைச் சொதி வைத்துத் தருகிறா.

ஒரு கிழமை யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், கலந்து எழுதும் என்று ஒரு கடிதம் எழுதி, முத்திரையும் ஒட்டிவிட்டேன். தபாற்கந்தோருக்குப் போகும் வழியில் தாழைமுனையைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று தோன்றியது. வாடியைப் பிரித்துக்கொண்டு இருந்தார்கள். சுஹைரா வலையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். மிஸ் தேத்தண்ணி குடியுங்க என்று குந்துவதற்குப் பலகை போட்டாள். அடுத்த வருடம் வருவீர்களா என்று கேட்டேன். "வேற எங்க மிஸ் போற, கடல் இங்கதானே" என்றாள். அடுத்த ஏப்ரலில் இவர்கள் வரும்போது செவ்வாய்க்கிழமைக் கிளினிக்கும் இருக்காது. எண்பத்தெட்டு என்று கலந்து எழுதினால் இடைவெளி தெரியாது, அதை மூடியது சரி என்றுதான் ஆகும்.

பிரித்து எழுதும். தனி வரியில், தாழைமுனை வாடி என்று பெயர் போட்டு எழுதும். என்னுடைய பெயரையும் மறைக்க வேண்டாம். பத்தொன்பது வருடக் கொப்பியைப் பிரதி எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் பொறுப்பு டொக்டரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் போய்த் தலையைக் கொடுக்கிறீர்கள் என்றார். எல்லாரும் செய்கிறபடியால்தான் ஐயா என்றேன். அவருக்கு என்னில் கோபமில்லை, பயம்தான். எனக்கும் பயம்தான்.

முதலில் எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். முத்திரையை மட்டும் உரித்து இதில் ஒட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
தர்சிகா


வெள்ளவத்தை,
11.11.2024

அன்புள்ள தர்சிகாவுக்கு,

அங்கே மழை கடும் என்று செய்தியில் சொன்னார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? அம்மாவை உம்மோடே வைத்திரும். நான் சுகம்.

பிரித்துத்தான் எழுதினேன். பணிப்பாளர் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, கரையோர மாவட்டங்கள் எல்லாவற்றிலும் இப்படித் தேடிப் பார்க்கச் சொன்னார். தேடினோம். வாடி போடும் இடமெல்லாம் இதே கதை. உம்மைப் போல நூறு வீதக்காரர் ஆறு பேர். உம்மைத் தவிர ஒருவரும் கொப்பி வைத்திருக்கவில்லை.

கடற்கரைக் கிளினிக் நிறுத்தப்படாது. அடுத்த பருவத்துக்கு உம்முடைய பிரிவுக்கு இன்னொரு மருத்துவமாதுவும் வருவா. பருவத்துக்கு வருகிறவர்களை இருக்கிற இடத்திலேயே பதிய வேண்டும் என்று சுற்றறிக்கை தயாராகிறது. உமக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதை நிறுத்த என்னால் ஏலவில்லை, மச்சாள். பதவி உயர்வு எனக்கும் இல்லை. அதை உமக்குச் சொல்ல வேண்டும் என்று இல்லை, ஆனால் இனி ஒன்றையும் விட்டுவிட்டு எழுதுவதில்லை என்று இருக்கிறேன்.

பூரணி


பாலையூற்று,
04.05.2025

அன்புள்ள பூரணிக்கு,

எல்லோரும் சுகம். மாமி தம்பலகாமத்துக்குத் திரும்பிவிட்டா. பனங்கட்டியும் கூடவே போயிருக்கும். உம்முடைய தடிமனுக்கு மல்லி அவித்துக் குடியும்.

விசாரணை முடிந்தது. மூன்று பேர் இருந்து கேட்டார்கள், நான் உள்ளதைச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் கோப்பில் ஏறியிருக்கிறது. ஓய்வு பெறும்வரை அது அங்கேயே இருக்கும். கந்தோரில் சிலபேர் என்னோடு கதைப்பதில்லை. அவர்களுடைய கொப்பியையும் கேட்பார்கள் என்ற பயம் இருக்கும்தானே.

புதிதாக வந்த மருத்துவமாது கிண்ணியாப் பிள்ளை, பஸ்மியா. இருபத்தாறு வயது. ஸ்கூட்டரை என்னைவிட வேகமாக ஓட்டுகிறாள். வாடிச் சனம் வந்த மூன்றாம் நாளே நாங்கள் இருவரும் பதிவேட்டோடு போனோம். ஒன்பது கர்ப்பிணிகள். ஒவ்வொருத்தியாக உட்கார வைத்து எழுதினேன்.

ஏழாவதாக வந்தது சுஹைரா. நாலு மாதம். நானே கிழமைக்கு இரண்டு தரம் போவேன், இந்த முறை ஒரு நாளும் தவற விடமாட்டேன் என்று மனதுக்குள் முழுவதும் திட்டம் போட்டுவிட்டேன். பெயர், வயது, கடைசி மாதவிடாய்த் திகதி எல்லாம் எழுதி முடித்தேன். அவள் பஸ்மியாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"கோவிக்காதீங்க மிஸ். எனக்கு இந்த மிஸ் வேணும்."

மற்றப் பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள். எனக்கு வலித்தது, பூரணி. எச்சரிக்கைக் கடிதம் இவ்வளவு வலிக்கவில்லை. பொறுப்பு அலுவலர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தேன். அதை வெட்டி, பஸ்மியா என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். சரி பிள்ளை, அவ நல்லாப் பார்ப்பா என்றேன். சுஹைரா தலையாட்டிவிட்டு எழும்பிப் போனாள்.

வீட்டுக்கு வந்து நிறைய நேரம் அழுதேன். முகம் கழுவிவிட்டு இதை எழுத உட்காரும்போதுதான் யோசித்தேன். பத்தொன்பது வருடத்தில் ஒருத்தியும் என்னை வேண்டாம் என்று சொன்னதில்லை. நான் அவ்வளவு நல்லவள் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு வேறு ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பஸ்மியா நாளைக்கு விடியக் காலையே அவளிடம் போகிறாள். நான் மற்ற எட்டுப் பேரிடம் போகிறேன்.

உம்முடைய சுகத்துக்கு எழுதும்.

தர்சிகா